முழங்காலால் திறக்கும் அலுமாரி

பூசிய கதிரையில் இருப்பதற்கு முன்னால் விரலால் தொட்டுப் பார் என்று எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பாய். நான் கேட்டதில்லை. போன ஞாயிறு, மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த நேரம், புது வெள்ளை வேட்டியோடு நான் போய் இருந்தது முதல்நாள் பின்னேரம் நானே வார்னிஷ் பூசி வைத்த பிரப்பங்கதிரையில். வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் எழும்பினேன். கதிரையும் என்னோடு அரை அடி எழும்பி, பிறகு மனம் மாறித் தொப்பென்று விழுந்தது. கும்பிட்டு வரவேற்றுவிட்டு, உள்ளே வழிகாட்டத் திரும்பினேன். பின்னால் சிரிப்புக் கேட்டது. வேட்டியின் பின்பக்கத்தில் பிரம்புப் பின்னல் கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது.

மாப்பிள்ளையின் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணன், கதிரைக்கு உங்கள விட மனமில்ல போல" என்றார். எல்லாரும் சிரித்தோம். அறைக்குள் போய் வேட்டியை மாற்றும்போது அந்த வார்னிஷ் மணம் மூக்கில் ஏறி, உன் நினைவு வந்தது. நீ இருந்திருந்தால் இந்தக் கதையை உன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருப்பாய் என்று நினைத்து இன்னொரு தரம் சிரித்தேன். உன்னை நினைத்து நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான். அரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் மாறிப்போயிற்று. இதை நான் ஆத்திரத்தில் எழுதுகிறேன். செத்தவனை ஏசி எழுதக் கூடாது என்று அங்கே ஏதும் சட்டம் இருந்தால், போய் என் மேல் வழக்குப் போடு.

நான் ஓ.எல். சோதனையை இரண்டாம் தரமும் எழுதிக் கணிதத்தில் விழுந்தவன். சங்கக்கடைக் களஞ்சியத்தில் மூட்டை எண்ண இது காணும் என்று எடுத்தார்கள். நீ எட்டாம் வகுப்போடு நின்று, ஒரு பழைய லாண்ட்மாஸ்டரோடு களுவாஞ்சிக்குடி தொடக்கம் மட்டக்களப்பு வரைக்கும் பழைய சாமான் தேடித் திரிந்தவன். நம் இரண்டு பேரின் படிப்பையும் ஒன்றாகச் சேர்த்தாலும் மரவேலை செய்கிற ஓடாவி ஒருவனின் அளவுகோலைச் சரியாக வாசிக்க முடியாது. அதை முதல் ஸ்டூலிலேயே கண்டோம். நாலு காலையும் சமன் செய்கிறோம் என்று மாறி மாறி அறுத்ததில், பின்னேரம் அது என் மனைவி மீன் வெட்ட இருக்கிற பலகையாகிவிட்டது. அவள் அதை இன்னும் வைத்திருக்கிறாள். யாராவது என் கைவேலையைப் புகழ்ந்தால் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவாள்.

ஆனாலும் நாம் விடவில்லை. ஞாயிறு காலையில் நீ ஏதாவது கொண்டுவருவாய். தையல் மெசினின் இரும்புக்கால் வந்தது. மேல்பலகை போட்டு மகளின் படிப்பு மேசை ஆக்கினோம். உடைந்த தோணியின் பலகை பாத்திரத் தட்டானது. மகன் படுத்த தொட்டில் செருப்பு வைக்கிற தட்டானது. "எறியிற சாமான் எண்டு ஒண்டு இல்ல மச்சான், எறியிற மனிசன்தான் இரிக்கான்" என்பாய். அதை நான் எத்தனை பேரிடம் என் சொந்தச் சொல் போலச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு சாமானோடும் நீ ஒரு கதையும் தருவாய். இது ஓய்வு பெற்ற நேர்ஸின் கோப்பைப் பெட்டி, இது மூடிப்போன சைக்கிள் கடையில் சனம் இருந்த நீள வாங்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் நான் நூதனசாலைக் காவலாளி மாதிரி முன்னால் நடந்து ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். உன் வாயில் இருந்து வந்ததை ஒரு நாளும் உரசிப் பார்க்கவில்லை. மரத்தைத்தான் உரசிப் பார்த்தேன். மடையன்.

அந்த முதிரை மரத்து அலுமாரி வந்த காலம் உனக்கு மறந்திருக்காது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைச் சனம் எல்லாம் சண்டைக்குப் பயந்து குழந்தை குட்டியோடு இந்தப் பக்கம் வந்து பள்ளிக்கூட வளவுகளில் கூடாரம் அடித்துக் கிடந்த காலம். ஆளில்லாத வீடுகளில் கதவு கழற்றுகிறார்கள், ஓடு இறக்குகிறார்கள் என்று கதை வந்துகொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடையில் எல்லாரிலும் பெரிய சத்தம் உன்னுடையதுதான். "மனிசனாடா அவனுகள்? அகதியா வந்தவன்ட வீட்டுக் கதவக் கழட்டுறவன்ட கை அழுகிப் போகும்" என்று மேசையில் அடித்தாய். கிளாஸ் உருண்டு என் சாரத்தில் தேத்தண்ணி கொட்டியது. நான் உன்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு சாரத்தைத் துடைத்தேன்.

இரண்டு கிழமையில் அந்த அலுமாரியைத் தறப்பாளால் மூடிக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினாய். "கனடாவுக்குப் போற வாத்தியார் குடும்பத்துர சாமான் மச்சான். மனிசி அழுதழுதுதான் தந்த" என்றாய். பூட்டு உடைந்திருந்தது. கேட்டேன். பூட்டின் திறப்பு, பெட்டிகளோடு தவறிக் கனடாவுக்குப் போய்விட்டதாம். அதற்கும் நான் சிரித்தேன். விமானத்தில் போன திறப்பு என்று மனைவியிடம் போய்ச் சொல்லியும் சிரித்தேன். அந்த வாத்தியாரின் மனைவியின் கண்ணீரை எங்கே இருந்து எடுத்தாய்? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பொய் சொல்லலாம். பொய்க்குக் கண்ணீரும் பூசி, இரண்டாம் பூச்சும் பூசலாமா?

மூன்று கிழமை அதில் வேலை செய்தோம். புதுப் பூட்டுப் போட்டோம். ஒரே ஒரு குறைதான் கடைசிவரை போகவில்லை. இடது கதவு ஒரு பக்கம் சரிந்திருந்தது. திறப்பைப் பாதி திருப்பி, முழங்காலால் கீழ்ப் பக்கம் ஒரு தள்ளுத் தள்ளி, அதே நேரம் கைபிடியை மேலே தூக்கினால்தான் திறக்கும். சட்டத்தையே பிரிக்க வேண்டும் என்று ஓடாவி சொன்னதால் விட்டுவிட்டோம். என் வீட்டில் எல்லாருக்கும் அந்த முழங்கால் பழகிற்று. பழகினாலும் மூன்றாம் தரம் நாலாம் தரம்தான் திறக்கும். ஒவ்வொரு தரமும் கதவு கழுதை மாதிரிக் கத்தும்.

நம் பக்கத்தில் பெண்ணுக்குத்தானே வீடு. மாப்பிள்ளை வந்து இருக்கப்போகிற வீடு என்பதால் தாயும் சுற்றிப் பார்க்க வேண்டும். வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நான் வழக்கம் போல முன்னால் நடந்தேன். மாப்பிள்ளையும் மாமனும் வெளியில் இருந்தார்கள். அலுமாரி நிற்கிற அறைக்குள் என் மனைவி, நான், மாப்பிள்ளையின் தாய், மூன்று பேர்தான். "இது தங்கச்சி, கனடாவுக்குப் போன ஒரு வாத்தியார்ர. என்ட கூட்டாளி ஒருத்தன் கொண்டந்து தந்த" என்று தொடங்கினேன். அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சாள், அது லேசில திறபடாது, நில்லுங்க" என்று என் மனைவி முன்னால் போனாள். அதற்குள் அவர் திறப்பைப் பாதி திருப்பினார். முழங்கால் தானாகப் போய்க் கீழே முட்டியது. கை மேலே தூக்கியது. கதவு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது.

நாங்கள் மூன்று பேரும் அந்தத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் மெதுவாகக் காலை எடுத்து, சீலையைச் சரிசெய்தார்.

"என்ட கடைசித் தம்பி இதில ஏறித் தொங்கினவன். அண்டைக்குச் சரிஞ்ச கதவு" என்றார். குரல் உயரவில்லை. "வாவிக்கு அங்கால, உன்னிச்சையில எங்கட வளவுக்க நிண்ட முதிரை. அப்பா அறுத்து, ஓடாவிய ஒரு மாதம் வீட்டில வெச்சிச் சோறு போட்டு, என்ட கலியாணத்துக்குச் செய்வித்த. ஊர விட்டு வரக்குள்ள பூட்டித்துத்தான் வந்த நான். திரும்பிப் போனா கதவுமில்ல, யன்னலுமில்ல. இது நிண்ட இடத்தில நாலு கால் அடையாளம் மட்டும் கிடந்த."

என் மனைவி கட்டிலில் இருந்துவிட்டாள். என் வாய் மட்டும் நிற்கவில்லை. இண்டைக்கே ஏற்றி அனுப்புறன் தங்கச்சி, இப்பவே ஆள் பிடிக்கிறன் என்று ஏதோ உளறிக்கொண்டிருந்தேன். மகளின் காரியம் என் கண்முன்னால் சரிந்துகொண்டிருந்தது. அவளுக்கும் அந்தப் பெடியனுக்கும் ஏற்கெனவே மனம் ஒத்துப்போயிருந்தது உனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீதானே, "அவன் நல்ல பெடியன், விட்டுராத" என்றாய். அந்தப் பெடியன் எந்த ஊர் என்று அப்போது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் சொன்னாயா? இதையும் நான் இனி யாரிடம் கேட்கிறது?

அவர் சிரித்தார். கதிரைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. "பெண் பக்கம்தானே அண்ணன் சீதனம் குடுக்கிற. எங்கட சாமானையே எங்களுக்குச் சீதனமாத் தாறீங்களோ?" என்றார். பிறகு, "இத நான் கொண்டு போய் எங்க வைக்கிற. இருக்கட்டும். ஆரு எடுத்த எண்டு மட்டும் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணித் தட்டோடு அறை வாசலில் வந்து நின்றது யார் தெரியுமா? உன் மனைவி. என் மகளின் நல்ல காரியம் என்று விடியத்திலிருந்து எங்கள் அடுப்படியில் நின்று பலகாரம் சுட்டவள். "அண்ணன், தேத்தண்ணி ஆறப்போகுது" என்றாள். எண்ணெய்ச் சூட்டில் சிவந்த முகம். ஒன்றும் தெரியாத முகம். உனக்கு அந்த முகத்தைக் காட்ட வேண்டும். நீ போய்ப் படுத்துவிட்டாய். ஒரு பக்கம் நீ பறித்த வீட்டுக்காரி, ஒரு பக்கம் நீ விட்டுப்போன பெண்சாதி, நடுவில் நான்.

"அவன் செத்துப் போயித்தான் தங்கச்சி" என்றேன்.

"செத்தவன்ட பேரச் சொன்னா அவன் ஒழும்பி வரமாட்டான்தானே."

 தட்டை வாங்கி அவரிடம் நீட்டினேன்.  அவர் என்னையும் பார்த்து, வாசலில் நின்ற உன் மனைவியையும் பார்த்தார். விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிறகு பேரைக் கேட்கவில்லை. உன் மனைவி திரும்பிப் போனதும் வேறொன்று கேட்டார். "உள்ளுக்குக் கடதாசி ஏதும் கிடந்ததா அண்ணன்? புள்ளையள்ர படம், அதுகள்?"

"இல்ல தங்கச்சி. வெறுமையாத்தான் வந்த" என்றேன்.

இன்று காலை தகவல் வந்தது. கலியாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கூடவே மாப்பிள்ளையின் தாய் ஒரு சொல்லும் அனுப்பியிருந்தார்: "அலுமாரி அந்த அறையிலயே நிக்கட்டும். ஆனா கனடாக் கதைய இனி ஒருத்தருக்கும் சொல்ல வேணாம். உன்னிச்சையில இருந்து வந்த எண்டு சொல்லுங்க." மனைவி சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதாள். நான் பின்வளவுக்குப் போய் உன்னை ஏசினேன். கூட்டத்துக்குள் ஏச முடியாத சொல் எல்லாம் வைத்து ஏசினேன். உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் எழும்பி நின்று, ஒருத்தன்ட ஆணியக் கூட எடுக்காத மனிசன் என்று உன்னைச் சொன்னவன் நான். சனம் எல்லாம் தலையாட்டியது. அந்தச் சொல்லை யார் எனக்குத் திருப்பித் தருவது?

நீயே போய் எடுத்தாயா, எடுத்தவனிடம் வாங்கினாயா? இரண்டில் ஒன்று தெரிந்தால் உன்னை எவ்வளவு வெறுக்கலாம் என்று ஒரு அளவாவது வரும். இப்போது பாத்திரத் தட்டைப் பார்த்தால் யாருடைய தோணி என்று கேட்கத் தோன்றுகிறது. நேர்ஸின் கோப்பைப் பெட்டியில் உண்மையில் யாருடைய கோப்பை இருந்தது? பழைய ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து புதுசாக்குகிறோம் என்று பெருமை அடித்தோமே, அது யார் வீட்டில் புதுசாகவே இருந்தது என்று ஒரு தரமாவது கேட்டோமா? உன்னால் என் வீட்டில் ஒரு சாமானும் இனி எனக்குச் சொந்தமாகத் தெரியவில்லை.

உன்னை ஏசி முடித்தபோது வாய் உலர்ந்துவிட்டது. அப்போதும் ஒன்று உள்ளே கிடந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. நீ இருக்கும்போது உன்னிடமும் சொல்லவில்லை.

அலுமாரி வந்த மறுநாள் நீ வார்னிஷ் வாங்கப் போயிருந்தாய். நான் கீழே இழுத்துத் திறக்கிற லாச்சியைக் கழற்றினேன். அதற்குப் பின்னால், பலகை இடுக்கில், ஒரு பிள்ளையின் கிளினிக் காட் செருகிக் கிடந்தது. பிள்ளையின் நிறை பார்த்துக் கோடு போட்ட அட்டை. ஊர், உன்னிச்சை. கணக்குத்தான் எனக்கு வராது, வாசிக்க வரும். பேர் இருந்த இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டுதான் வாசித்தேன். தெருவில் உன் லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. எழும்பி அடுப்படிக்குப் போய் அதை அடுப்பில் வைத்தேன். பிறகு வெளியில் வந்து, "எத்தின பூச்சுப் பூசுவம் மச்சான்?" என்று உன்னைக் கேட்டேன்.