நான்காவது தொட்டி

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் உனக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் நேரம் இருப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனித் தொழிற்சாலையில் நீ சொல்லி வாங்கித் தந்த வேலையில் இவர் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டார். பத்து மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன், இப்போது வாயைத் திறந்தால் தொட்டிப் பேச்சுதான். சட்டையில் புளித்த மாவு வாசனை. எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை. சின்னவள் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள். "உங்க மாமா வளர்க்கிற பூச்சிக்குச் சர்க்கரை ஊட்டுறேன்" என்றார். பூச்சி என்ன தரும் என்றதற்கு, பல் துலக்குகிற பிரஷ் என்றாராம். அன்றிலிருந்து பிரஷ்ஷைத் தொட மாட்டேன் என்கிறாள். நீயே வந்து சமாதானம் சொல். இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து இரண்டு வருஷமாகிறது.

உன் அன்புத் தங்கை

மே 19

அன்புத் தங்கைக்கு,

சின்னவளிடம் சொல், அது பூச்சி இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக் மூலப்பொருளை, சர்க்கரையைத் தின்றே செய்து தரும்படி அதன் மரபணுவை மாற்றியிருக்கிறோம். எட்டு வருஷ உழைப்பு. இங்கே ஆய்வகத்துக் குடுவையில் சொன்னபடி கேட்கிறது, அங்கே தொழிற்சாலைத் தொட்டியில் காலை வாருகிறது. வேறேதோ கிருமி புகுந்து சர்க்கரையைத் தின்றுவிடுகிறது. மூன்று தொட்டி போயிற்று. நான்காவதும் போனால் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். மாப்பிள்ளை ஒருவரைத்தான் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்
அண்ணன்

ஜூலை 2

தங்கைக்கு,

மாப்பிள்ளையின் அடக்கத்துக்கு வந்தும் உன் பக்கத்தில் வர எனக்குக் கால் எழவில்லை.

தொட்டியைக் காலி செய்தாலும் கரியமில வாயு அடியில் தேங்கி நிற்கும். இறங்கியவர் இரண்டே மூச்சில் விழுந்திருப்பார், வலி தெரிந்திருக்காது. அனுமதியில்லாமல் அவராகவே இறங்கினார் என்று கம்பெனியில் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் இந்த ஆராய்ச்சியே நின்றுபோகும். விபத்தை விசாரிக்க அரசாங்க ஆய்வாளர் உன்னிடம் வருவார். அன்று காலை நடந்தது எதுவும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடு.

அண்ணன்

ஜூலை 11

அண்ணாவுக்கு,

ஆய்வாளர் நேற்று வந்தார்.

அன்று காலை நீ போன் செய்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். "நாலாவது தொட்டி அடியில ஒட்டியிருக்கிறதக் கொஞ்சம் சுரண்டி, எந்தக் கிருமின்னு பாக்க எனக்கு அனுப்பச் சொல்லு. உள்ள இறங்க அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்தா மதியமாயிடும். பத்து நிமிஷ வேலை" என்றாய். வார்த்தை மாறாமல் இவரிடம் சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "காத்தச் சோதிக்காம உள்ள இறங்கக் கூடாதே" என்றார்.

"எங்கண்ணன் தெரியாமயா சொல்லும்?" என்றேன். டிபனைக்கூட முடிக்காமல் கிளம்பிப் போனார்.

இதையெல்லாம் ஆய்வாளரிடம் சொன்னேன், நான் சொன்னதையும் சேர்த்து. எழுதி வாசித்துக் காட்டினார். உன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, சொந்த அண்ணனா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இனிமேல் வீட்டுக்குக் கடிதம் எழுதாதே. சின்னவள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தங்கை