மூன்றாம் மாடியில் ஓர் உறுப்பினர்

அனுப்புநர்
சா. குர்ஷித் பேகம்,
க/பெ. சாகுல் ஹமீது,
பேகம்பூர், திண்டுக்கல்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப்பணிகள்,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: தனியார் மருத்துவமனை நெறிமுறைக் குழு – பொது உறுப்பினர் இன்மையால் கூட்டம் தள்ளிப்போதல் – என் கணவரின் செயற்கைச் சுவாசம் குறித்து முடிவு நிலுவை – மாற்று உறுப்பினரை நியமிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பேகம்பூரில் தோல் மண்டி நடத்திவரும் சாகுல் ஹமீது என் கணவர். நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் மண்டியிலேயே மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அன்றுமுதல் நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டர் உதவியால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையின் பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது என் நோக்கமன்று.

2. அவர் இனிக் கண் விழிக்க மாட்டார் என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டன. நாங்கள் நம்பாமல் மதுரைக்கும் ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டோம். அங்கும் அதுவே பதில். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டோம். அதன்பின் கருவியை அகற்ற நானும் என் மகள் ஷாஹினாவும் சம்மதித்தோம். சம்மதித்தோம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அதற்கு நாங்கள் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

3. கருவியை எடுப்பதற்கு முன் அம்மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். குழுவில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஒரு வழக்கறிஞர் இருக்கிறார், மருத்துவமனையோடு எந்தத் தொடர்பும் இல்லாத பொது உறுப்பினர் ஒருவரும் இருக்க வேண்டும். அந்தப் பொது உறுப்பினர் என் கணவர்தான் ஐயா.

4. இதைச் சற்று விளக்க வேண்டும். முன்பெல்லாம் இந்தக் குழு கூடுவதே கிடையாது. தாள் மட்டும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வரும். அப்படி ஒரு தாள் மண்டிக்கு வந்தபோது இவர் தோலுக்கு உப்புப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "உப்புக் கையோட உசுரு விஷயத்துல கையெழுத்துப் போட மாட்டேன், போங்கப்பு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதோடு விட்டாரா? நேரில் போய்ச் சத்தம் போட்டு, பொது உறுப்பினர் வந்து உட்காராமல் குழு எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று விதியே கொண்டுவந்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி வந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பால் சேமியா காய்ச்சிக் கொடுத்தேன்.

5. அந்த விதி இப்போது அவரையே கட்டிப்போட்டிருக்கிறது. குழுவின் கூட்டம் இருமுறை அறிவிக்கப்பட்டு இருமுறையும் தள்ளிப்போனது. அவருடைய போன் என்னிடம் இருப்பதால் தகவல் எனக்குத்தான் வருகிறது: "பொது உறுப்பினர் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது." வராதவர் எங்கே போய்விட்டார் ஐயா? அதே கட்டடத்தில், கூட்ட அறைக்கு நேர் மேலே, வாயில் குழாயோடு படுத்திருக்கிறார். முதல் முறை அதைப் படித்துவிட்டு நான் சிரித்துவிட்டேன். ஷாஹினா பயந்துபோனாள். பிறகு இருவரும் அழுதோம்.

6. குழுவின் செயலாளர் மருத்துவர் இனிகோ அவர்களை நான் குறை சொல்லவில்லை. "பாய் சண்டை போட்டு வாங்குன ரூலும்மா. அவருக்காகவே அத மீறுனா அவரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று கண் கலங்கினார். நிர்வாகம் தங்கள் கேண்டீன் காண்ட்ராக்டரைப் பொது உறுப்பினராகக் காட்டியபோது அவர்தான் மறுத்தார். அது நியாயமே. அவர் வெளியில் கேட்டுப் பார்த்தவர்களோ, ஒரு மனிதரின் மூச்சை நிறுத்தும் தாளில் கையெழுத்திட அஞ்சி ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

7. "எங்க பொறுப்புலனு எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா" என்று வரவேற்பில் யோசனை சொன்னார்கள். அப்படிப் போனால் ஆம்புலன்ஸிலேயே மூச்சுக்குத் தவித்துப் போவார். வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, மருத்துவர் வீடுவரை உடன்வந்து, மரியாதையாக அனுப்பிவைக்க வேண்டும். திருடிக்கொண்டு போவதைப் போல என் புருஷனை நான் கொண்டுபோக மாட்டேன்.

8. மனுவில் எழுதக் கூடாததாக இருந்தால் மன்னிக்கவும். என் கணவர் என் வளையல்மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவார். கல்யாணமான நாளிலிருந்து அதே பழக்கம். உள்ளே போகுமுன் வளையலைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். வெறுங்கையை அவர் கைக்கடியில் வைத்துக்கொண்டு செத்த நேரம் நிற்கிறேன், அதற்குள் வெளியே கூப்பிட்டுவிடுகிறார்கள். வாயில் குழாய் இருப்பதால் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் ஒரு சொட்டு விட முடியவில்லை. "அத்தா, கேக்குதாத்தா?" என்று ஷாஹினா காதில் கேட்கிறாள். கருவிதான் சத்தம் போடுகிறது. எங்கள் வீட்டுக் கட்டிலில் அவரைக் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதி, தண்ணீரைப் பஞ்சில் தொட்டு அவர் உதட்டில் வைக்க வேண்டும். எனக்கு அம்புட்டுத்தான் ஆசை.

9. ஆகவே, விதியைத் தளர்த்துமாறு நான் கேட்கவில்லை. மருத்துவமனையைச் சாராத, எங்கள் சொந்தபந்தமும் அல்லாத நேர்மையான ஒருவரைத் தாங்களே பார்த்துப் பொது உறுப்பினராக நியமித்து, குழுவை உடனே கூட்ட ஆணையிட வேண்டுகிறேன். அவர் எங்களை எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறோம். உறுப்பினர் ஒருவர் நோயில் விழுந்தால் அவரிடத்தில் உட்கார மாற்று உறுப்பினர் ஒருவரை எப்போதும் வைத்திருக்கவும் எல்லா மருத்துவமனைகளுக்கும் அறிவுறுத்த வேண்டுகிறேன். இவருக்கு அது அப்போது தோன்றவில்லை. தனக்கு நோய் வரும் என்று இவர் நினைத்ததே இல்லை.

10. தங்கள் உத்தரவு தாமதமாகி வந்தால் எனக்கு அது தேவைப்படாது. அப்போதும் அதை ரத்து செய்துவிடாதீர்கள். அந்த மூன்றாம் மாடி வராந்தாவில் இன்னொரு குடும்பம் காத்திருக்கும், அவர்களுக்கு உதவட்டும். ஆனால் ஐயா, எனக்குத் தேவைப்படும்போதே அது வந்துவிட வேண்டும் என்று ஏங்குகிறேன்.

தங்கள் ஆணைக்கு வழிபார்த்திருக்கும்,
(ஒப்பம்) சா. குர்ஷித் பேகம்

இடம்: திண்டுக்கல்
நாள்: 24.04.2025