திங்கட்கிழமைக் கொடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாக இருந்தால் அதுவே போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள் என்றால் என் மேல் எரிந்து விழுகிறாள். சின்னவனுக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, அந்த ஊர்க் குளிரில் அவனை வெறுங்காலோடு விடாதே.

கோட்டைப் பூங்காவை நான் ரிப்பன் வெட்டித் திறந்த படத்தைப் பார்த்துப் பெருமையாக இருந்தது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டையில் படை இருந்த காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான் என்று கூப்பிட்டார்கள், வெட்கமில்லாமல் போய் நின்றேன். பீரங்கி மேடையைச் சுற்றிப் புல்தரை, வெடிமருந்துக் கிடங்கில் ஐஸ்கிரீம் கடை. வாசலில் கோட்டையின் வரலாறு என்று ஆளுயரப் பலகை, யார் கட்டினார்கள், படை எப்போது காலி செய்தது என்று எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கடைசி வரியில் மட்டும் இந்தக் கோட்டையின் குண்டுக்கு ஒரு உயிர்கூடப் பலியானதில்லை என்று போட்டிருக்கிறார்கள். அது பொய்யம்மா.

சண்டை நடந்த வருடத்தில் கோட்டையைத் தாண்டும் மீன்படகுகள் அந்தந்த வாரத்துக் கொடியைக் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரிப் படகு என்று சுடுவார்கள். திங்கட்கிழமை தோறும் நிறம் மாறும். புது நிறத்தை ஞாயிறு மாலையே படகுக்காரர்களின் கொட்டகையில் இருக்கும் கரும்பலகையில் எழுதிவிட்டு வருவது என் வேலை. ஒரு ஞாயிறு நல்ல மழை, நான் சீட்டாட்டத்தில் இருந்தேன், இந்த மழையில் எவன் கடலுக்குப் போகப் போகிறான், காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒருவன் போனான். விடிந்ததும் பனிமூட்டத்தில் பழைய கொடியோடு வந்த படகைச் சுட்டார்கள். சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா, கொட்டகைக்கு ஓடி, யாரும் வருவதற்குள் புது நிறத்தை எழுதிவிட்டேன். அதிகாரி பதிவேட்டில் பயிற்சிச் சுடுதல் என்று எழுதி முடித்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் இப்போது பலகை எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் படகுக்காரனின் மனைவி இன்று அதே பூங்காவில் கூட்டிப் பெருக்குகிறாள். போன வாரம் என்னிடம் வந்து, நீங்க சொன்னா கேப்பாங்கய்யா, எம் புருஷன் பேரையும் வாசப் பலகையில போடச் சொல்லுங்க, அன்னைக்குக் கொட்டகையில கொடி நெறத்தப் பாக்காமப் போனது அவரு தப்புதான், ஆனா செத்தது நெசந்தானே என்று கேட்டாள். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போய், அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விளக்குமாற்றால் நாலு போடு போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் ஏசவில்லை. முப்பத்தாறு வருசமா அந்த மனுசனத் திட்டாத நாளில்லையேய்யா, எம் புள்ளைங்களுக்கும் அப்படித்தான சொல்லி வளத்தேன் என்றாள், அவ்வளவுதான்.

பூங்கா அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளுக்குப் போன் செய், அவளைப் பேச விடு. நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். எனக்குப் பதில் எழுத மனம் வராவிட்டால் பரவாயில்லை, சின்னவனுக்கு இருமல் விட்டதா என்று மட்டும் அம்மாவுக்கு ஒரு வரி எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா