தொட்டியை உடைக்க வேண்டாம்

மட்டுவில்
மாசி 9

அன்பு மகன் சிவதர்ஷனுக்கு அம்மா எழுதுறது. நீயும் மருமகளும் பிள்ளையளும் அந்தக் கனடாக் குளிருக்குள்ளை ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணுமெண்டு விடியவும் பொழுதுபடவும் பிள்ளையாரைக் கேக்கிறன். எனக்கு உடம்புக்கு ஒண்டுமில்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் ரண்டு நேரத்துக்குக் காணும், கதைக்கத்தான் ஆளில்லை.

போனிலை சொல்ல வாய் வரேல்லை, அதுதான் எழுதுறன். மேசன் சோமசேகரம் பங்குனிக் கடைசியிலை அப்பாவின்ரை தாமரைத் தொட்டியை உடைக்க வாறனெண்டவர். அப்பாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு பிளேனுக்கு வெளிக்கிடேக்கை நீ, உந்தத் தொட்டி நுளம்புதான் அப்பாவுக்கு டெங்குவைக் குடுத்தது, உடைப்பியுங்கோ எண்டாய். நான் ஓம் எண்டன். அது பொய் ஓம் மகன். நீ சாம்பல் கரைக்கக் கீரிமலைக்குப் போன நேரம் டெங்கு பார்க்கிற சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. ஐயா வந்து தொட்டிக்குள்ளை ரோச் லைற் அடிச்சுப் பார்த்தவர். இதிலை நுளம்புப் புழு ஒண்டுமில்லை அம்மா, தும்பிக் குஞ்சுகள் கிடக்கு, அதுகள் எல்லாத்தையும் தின்னும் எண்டார். பிறகு குசினிக்குப் பின்னாலை போனார். அடுப்புக்கெண்டு நான் குவிச்ச தேங்காய்ச் சிரட்டையள் மழைக்கு நிரம்பி, ஒவ்வொண்டுக்குள்ளையும் புழு நெளிஞ்சுது. கவிட்டு வையுமப்பா எண்டு அப்பா எத்தினை தரம் சொன்னவர், நான் கேக்கேல்லை. நீ தொட்டியை ஏசேக்கை, என்னை ஏசேல்லைத்தானே எண்டு பேசாமல் இருந்திட்டன்.

ஊறுகாய்த் தேசிக்காய் மரத்து இலையைப் புழு தின்னுதெண்டு நான் மருந்தடிக்க வெளிக்கிட்டால் அப்பா விடமாட்டார், இலையிலை நீர் என்ன கறி வைக்கப் போறீரோ எண்டு பகிடி பண்ணுவார். அந்தப் புழுவெல்லாம் இப்ப கறுப்பு வண்ணத்துப்பூச்சியாய்ச் செவ்வரத்தம் பூவிலை நிக்குது. முருங்கைப் பூவிலை ஒரே தேனீ. முந்தநாள் விடிய, தொட்டித் தாமரைத் தண்டிலை ஒரு தும்பி தோலைக் கழட்டிக்கொண்டு வெளியிலை வந்துது. செட்டை காயுமட்டும் அப்பிடியே இருந்துது, நானும் இருந்தன், தேத்தண்ணி ஆறிப்போச்சு. அப்பாவெண்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார், நான் ஆரைக் கூப்பிட?

சிரட்டையளைச் சாக்கிலை கட்டி மழை படாத இடத்திலை வைச்சிட்டன். இனி வைச்சு என்ன. மேசனை நானே மறிக்கலாம், ஆனால் உனக்குச் சொல்லாமல் மறிச்சால் அதுவும் ஒரு பொய். தொட்டி ஒரு பிழையும் செய்யேல்லை மகன். அதை விட்டுவிடு.

வெளியிலை போகேக்கை காதை மூடித் தொப்பி போடு. பிள்ளையளைக் கொஞ்சினனெண்டு சொல்லு. பிள்ளையார் உங்களெல்லாரையும் நல்லாய் வைச்சிருப்பார். இது கிடைச்சவுடனை ஒருக்கால் போன் எடு. ஏசுறதெண்டாலும் எடு.

உன்ரை அம்மா
சின்னத்தங்கம்