ஆடவேண்டிய எடை

இன்று காலை பல்லரோ சந்தையில் மீன்காரன் ஒருவன் தன் ரப்பர் பூட்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். உப்பும் செதிலும் ரப்பரும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் அப்படியே நின்றுவிட்டது, அக்கா. என் சலவைக் கடை முழுக்க ஒரு காலம் அந்த மணம்தான். வாங்கப் போன வெங்காயத்தை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

பிரான்காச்சோவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது கடை. ஹோட்டல் விரிப்புகளைப் பிழியும் பெரிய மெஷின் சுழலத் தொடங்கினால் தளமே அதிரும். கீழ்வீட்டு சிஞ்ஞோரா தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பாள். இனியொரு முறைப்பாடு வந்தால் வெளியேறத்தான் வேண்டும் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். கடை போனால், இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க என்னிடம் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை.

நீங்கள் ஊரில் இயந்திரவியல் படித்தவர். இங்கே மாடிப்படி கழுவினீர்கள். என் அழுகையைக் கேட்டு முடிக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கவில்லை. "மூக்கைச் சிந்திப்போட்டு ஒரு கிண்ணத்திலை தண்ணி கொண்டுவாடி" என்றீர்கள். கிண்ணத்தைத் தளத்தில் வைத்து மெஷினை ஓடவிட்டு, தண்ணீரில் எழுந்த வளையங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில், பூசை முடிந்ததும் நேரே கடைக்கு வந்தீர்கள். கோயில் கலண்டர்த் தாளின் பின்புறம் கணக்குப் போட்டீர்கள். லொறி வில்லுத்தகடு ஒன்றின் ஒரு முனையை மெஷினின் அடியில் பூட்டி, மறுமுனையில் இரும்பு எடையை ஏற்றினீர்கள். "மெஷின் ஒரு பக்கம் தள்ளேக்கை இது மற்றப் பக்கம் இழுக்கும்." எடையை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, ஒரு இடத்தில் வளையங்கள் மறைந்தன. ஆனால் ஈர விரிப்பு கொஞ்சம் கூடி வேகம் சற்றே மாறியதும் முன்னையைவிட மோசமாக வந்தன.

"வெறும் தகடு ஒரு வேகத்துக்குத்தான் சொல்வழி கேக்கும். நடுவிலை ரப்பர் வேணும்" என்று பல்லரோவில் மீன்காரன் எறிந்த பூட்ஸைத் தூக்கி வந்தீர்கள். இன்னொரு தகட்டையும் சேர்த்து, இரண்டுக்கும் நடுவே பூட்ஸில் வெட்டிய ஒரு துண்டு வைத்தோம், போதவில்லை. ஐந்து வைத்தோம், எடை மெஷினோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. மூன்று துண்டில் எந்த வேகத்திலும் தண்ணீர் அடங்கியது. நான் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன்.

எடை மட்டும் பேய் பிடித்ததுபோல் ஆடியது. எனக்குப் பார்க்கவே பயம். "அது ஆடட்டும், விசரி. அது ஆடினால்தான் நிலம் சும்மா இருக்கும். ஒண்டையும் தொடாதை, என்ன?" என்றீர்கள். ஓம் என்று தலையாட்டினேன்.

பிறகு உங்கள் வயிற்றுக்குள் இருந்த கட்டி உங்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. அந்தக் கிழமைதான், தளத்தின் அதிர்வைப் பார்வையிடக் கட்டடக்காரரின் பொறியியலாளர் செவ்வாய்க்கிழமை வருவார் என்று கடிதம் வந்தது. இந்த நாட்டில் நாங்கள் பழகியது ஒன்றுதானே, அக்கா: பெரிய ஆட்கள் வரும்போது எங்களிடம் எதுவும் அசையக்கூடாது. பெர்மெஸ்ஸோவுக்காகப் பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூரா வரிசையில், பிள்ளைகளின் காலைக்கூட அமத்திப் பிடிப்போம். ஆடும் எடையைக் கண்டால் அந்த மனிதர் என்ன நினைப்பார் என்று நடுங்கினேன். திங்கட்கிழமை அதைக் கம்பியால் மெஷினின் காலோடு முறுக்கிக் கட்டினேன். போதாததற்குப் பூப்போட்ட துணியொன்றால் மூடியும் வைத்தேன்.

அவர் வந்தார். மெஷினை ஓடவிடச் சொன்னார். குந்தியிருந்து தளத்தில் உள்ளங்கையை வைத்தார். தளம் பழையபடி அதிர்ந்தது. "பாஸ்தா, சிஞ்ஞோரா. போதும்" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. கம்பியை வெட்டினேன். எடை ஆடத் தொடங்கியது, கிண்ணத்துத் தண்ணீர் அடங்கியது. திரும்ப வரச்சொல்லி அவரைத் தொலைபேசியில் கெஞ்சினேன். தன் கையால் தொட்டுப் பார்த்தாயிற்று என்றார்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே குனிந்தபோது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எடை ஆடுதோடி?"

"ஓம் அக்கா, நல்லா ஆடுது."

"அப்ப பயமில்லை" என்று கண்ணை மூடினீர்கள். நான் சொன்னது பொய்யில்லை. அன்று அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. மாத முடிவில் வெளியேறச் சொன்ன கடிதம் என் கைப்பையில் கிடந்தது. அந்த மாதம் முடிய நீங்கள் இருக்கவில்லை.

மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. நான் இப்போது பகேரியாவில் ஒரு கிழவிக்கு டயப்பர் மாற்றுகிறேன், பதிவில்லாத வேலை. பெர்மெஸ்ஸோ இன்னும் வரவில்லை. இனி வரும் என்று நான் நம்பவும் இல்லை. அந்த மூன்று ரப்பர் துண்டுகளும் கைப்பையில் இருக்கின்றன, எதற்கென்று எனக்கே தெரியாது.

வருகிற கிழமை மறுபடி குவெஸ்தூராவுக்குப் போகவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் என் பெயரைக் கூப்பிட்டதும் வலது கை நடுங்கும். எல்லாம் தெரிந்திருந்தும், இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன், அக்கா.