நோயாளி எண் 417

மார்ச் 3, செவ்வாய்

வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

பத்தொன்பது வருடமாகப் பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறேன். முன்னறையில் இருக்கும் அந்த நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்தது கிடையாது. துடைக்கச் சொன்னால்கூட எட்ட நின்று ஒரு கையால்தான் துடைப்பேன். வெளியே தெரிந்தால் மானம் கப்பல் ஏறிவிடும்.

மார்ச் 4, புதன்

கிராம்பு எண்ணெய் வைத்தேன். நாக்கு மரத்துப்போனது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 5, வியாழன்

சாப்பிட்டு முடித்ததும் மனைவி ஆப்பிளைக் காகிதம் மாதிரி மெல்லியதாக நறுக்கி நடுவில் வைத்தாள். பல் வலியைப் பற்றி நான் மூச்சே விடவில்லை. எப்படித்தான் கண்டுபிடித்தாளோ! கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, ஆப்பிளைப் பார்த்து அழறீங்க?" என்றாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பல்லு செட் பண்றவருக்குப் பல்லு டாக்டர்னா பயமா? அடக் கடவுளே!"

"நீயும் கூட வாயேன்" என்றேன். சிரிப்பு சட்டென்று நின்றது. "எனக்கு அந்த மருந்து வாடையே ஆகாதுன்னு தெரியாதா?"

உண்மைதான். சாப்பாடு கொண்டு வந்தால்கூட மருத்துவமனை மாடிக்கு ஏறமாட்டாள். கீழே நின்று போன் அடிப்பாள். நான் பதினேழு படி இறங்கிப் போய் வாங்கிக்கொள்வேன்.

மார்ச் 6, வெள்ளி

மூளை வேலை செய்தது. வாய் அச்சைப் பார்த்தே டாக்டரம்மா பாதி நோயைச் சொல்லிவிடுவார். என் வாயை நானே அச்செடுத்து, வேறு யாருடையதோ போல நீட்டினால்? வைத்தியமும் தெரியும், வாயும் திறக்க வேண்டாம்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அச்சுப் பசையைக் குழைத்து, அச்செடுக்கும் தட்டில் நிரப்பி, வாய்க்குள் அழுத்தினேன். இறுக இரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரம் பார்த்துத்தானா மைக்செட் வர வேண்டும்? வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது. அவள் ரகசியம் பேசினால் தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

"அண்ணா, சாப்பிட்டாச்சா?"

தலையாட்டினேன்.

"என்ன அண்ணா, கோவமா?"

தலையாட்டினேன்.

"நான் என்ன பண்ணேன்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய்விட்டாள். பாவம். பசை இறுகிப்போய், தட்டைப் பிடுங்குவதற்குள் எனக்கும்தான் கண்ணீர் வந்தது.

பிளாஸ்டர் ஊற்றி அச்சை எடுத்து, சீட்டு ஒட்டினேன். நோயாளி எண் 417. வயது 68. ஓய்வு பெற்றவர். தொலைபேசி எண்ணையும் எழுதினேன். என் சர்வீஸில் சீட்டில் ஒரு கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை.

மார்ச் 9, திங்கள்

டாக்டரம்மா 417-ஐக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இவர்? இந்தப் பல்லுல இவ்வளவு பெரிய ஓட்டை. எப்படிப் பொறுத்துட்டிருக்கார்?"

"நல்ல மனுஷன் மேடம்" என்றேன். எதற்கு இதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"இப்ப வந்தா வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்திடலாம். இப்படியே விட்டா பக்கத்துப் பல்லும் போகும். அப்புறம் நீங்கதான் இவருக்கு செட் செய்யணும்."

எனக்கு நானே பல் செட் செய்வதா! உள்ளங்கை வேர்த்து, செய்துகொண்டிருந்த முன்பல் நழுவி பக்கெட்டில் விழுந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

என்னைப் போல ஒரு முட்டாள் இருக்க முடியாது.

பின்னறையில் என் போன் அடித்தது. எடுத்தேன். "வணக்கம், பல் மருத்துவமனைலேர்ந்து பேசறோம்" – ஒரு காதில் போன் வழியாக, மறு காதில் சுவர் வழியாக. மைக்செட்!

சீட்டில் என் சொந்த எண்ணை எழுதித் தொலைத்திருக்கிறேன்.

என்ன செய்வது? குரலை நடுக்கி, "யாரும்மா அது?" என்றேன். இருமினேன்கூட.

"ஐயா, டாக்டர் உங்களை உடனே வரச் சொல்றாங்க."

"எனக்கு நடக்க முடியாதும்மா... முழங்கால்..."

திரும்பிப் பார்த்தால், போனைக் காதில் வைத்தபடியே வாசலில் நிற்கிறாள்.

"பெரியவரே, வியாழக்கிழமை பதினொரு மணி" என்றாள். அவள் குரலுக்கு, காத்திருந்த ஐந்து நோயாளிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

மார்ச் 11, புதன்

நாளைக்கு. லீவு போடலாமா? போட்டால் பல்?

யோசித்துப் பார்த்தேன். ஒன்பது வயதில் ஒரு டாக்டர், "சும்மா பார்க்கறேன்பா" என்றார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார், மாமா காலை. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினேன். யார் நிறுத்தினார்கள்? சும்மா பார்த்தவர் பல்லோடுதான் கையை வெளியே எடுத்தார்.

மார்ச் 12, வியாழன்

உட்கார்ந்துவிட்டேன். நானா? நானேதான்!

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். "உங்க இடது கை உங்ககிட்டயே இருக்கட்டும். அதைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன். பாதி வேலையா இருந்தாலும் சரி" என்றார்.

உடனே தூக்கினேன்.

"நான் இன்னும் கையுறையே போடலையே."

"சும்மா, நிறுத்தறீங்களான்னு பார்த்தேன் மேடம்."

பதினான்கு தடவை தூக்கினேன். ஊசிக்கு முன்னால் நான்கு தடவை, ஊசிக்கு இரண்டு. ஒரு தடவை மூக்கு அரித்ததற்காகத் தூக்கினேன், அதற்கும் நிறுத்தினார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசிக் கால் மணி நேரம் கை தொடையிலேயே கிடந்தது. நானே அதை மறந்துவிட்டேன்.

வலிக்குத்தான் பயப்படுகிறேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வலி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. 'நிறுத்து' என்றால் நிறுத்தமாட்டார்களே, அதற்குத்தான் இவ்வளவு பயமும்.

மார்ச் 26, வியாழன்

பல்லுக்கு உறை மாட்டியாகிவிட்டது. உறையைச் செய்தது நான். பிரமாதமான வேலை, நானே சொல்லக் கூடாது.

சாப்பிட்டதும் மனைவி மறுபடி ஆப்பிளைக் காகிதமாக நறுக்கினாள். "முழுசாவே கொடு, இனிமே கடிப்பேன்" என்று ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தேன். அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"யாருக்கு இது?"

ஒரு துண்டை எடுத்து இடது கன்னத்தில் ஒதுக்கினாள். மெல்ல, மிக மெல்ல மென்றாள்.

அடிப்பாவி! அன்றைக்கு ஆப்பிளைப் பார்த்து நான் அழுத அழுகை!

"எத்தனை நாளா?" என்றேன்.

"தீபாவளி பொங்கல்னு தேதி வெச்சா பல்லு வலிக்கும்? ரெண்டு வருஷமா" என்றாள். அழுதுவிட்டாள். சிரிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. இடது கை விஷயத்தைச் சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மருத்துவமனை மாடிப்படியில் நான் முன்னால், அவள் பின்னால். மூன்றாவது படியில் இடது கையைத் தூக்கினாள். நின்றேன்.

"ஏன் நிக்கறீங்க?"

"கையைத் தூக்கினியே."

"சும்மா, நிக்கறீங்களான்னு பார்த்தேன்" என்றாள்.

மேலேயிருந்து மைக்செட் குரல் கொடுத்தாள்: "மெதுவா வாங்க அக்கா, அவசரமே இல்ல!" தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினேழு படி. இருபத்திரண்டு நிமிடம். ஒன்பது தடவை கையைத் தூக்கினாள். ஒன்பது தடவையும் நின்றேன்.