கொடியை ஒரு தடவை அசைத்தால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. உன் சுகத்தைப் போனில் விசாரித்தாயிற்று, ஆனாலும் எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. சலவைக்கடை வழக்கம்போல ஓடுகிறது. பெரிய மெஷின் போன வாரம் பாதியில் மக்கர் பண்ணி, விடுதிக்காரர்களின் படுக்கை விரிப்புகளை எல்லாம் நானும் அம்மாவும் கையால் பிழிந்தோம். என்னைவிட அவள்தான் நன்றாகப் பிழிகிறாள், அதைச் சொன்னதற்கு, இத்தனை வருஷமா உங்களையே பிழிஞ்சு பழகிட்டேனே என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் கதைத் தொகுப்புக்கு, கதைக்குக் கதை ஓர் அடக்குமுறையை எடுத்துக்காட்டி நீ எழுதி அனுப்பிய முன்னுரை வந்து சேர்ந்தது. அம்மா உரக்கப் படித்தாள், நான் இஸ்திரி போட்டபடி கேட்டேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கா என்றாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அதோடு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. கூட்டம் குறைகிற மத்தியானங்களில் சோப்புத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுவாளே, இப்போது அதே மூட்டைமேல் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாள். பாதியில் நிற்கிற புதுக் கதை என்னாயிற்று என்று கேட்டேன். மழையைப் பத்தி ஆரம்பிச்சேன், நான் எந்த அடக்குமுறைன்னு இப்ப மழையே என்னைக் கேக்குது என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் எழுதாத வீட்டில் எனக்கு இருந்து பழக்கமில்லை கண்ணு, பயமாக இருக்கிறது.

நீ எழுதியது தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தக் கதைகளில் கீழே நின்றுகொண்டு டீ டீ என்று கத்துகிற புருஷன் நான்தான், மறுக்க முடியுமா, இன்று காலையும் கத்தினேன். சோப்பில் வெடித்த அவள் விரல்களும் நிஜம், அதை நீ எழுதியிருந்ததைக் கேட்டுவிட்டு ராத்திரி நானே களிம்பு தடவிவிட்டேன். ஆனால் அந்த மொட்டைமாடிக் கதையை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பார். காய்கிற வெள்ளை விரிப்புகளுக்குள் ஒருத்தி நுழைகிறாள், ஒன்றை விலக்கினால் இன்னொன்று, அதை விலக்கினால் இன்னொன்று, மாடி முடிவதே இல்லை, வெளிச்சம் தூக்கத்தில் தெரிகிற வெளிச்சம் போல இருக்கிறது. எங்கிருந்தோ ஒரு குரல் வரட்டுமா, வரட்டுமா என்று கேட்கிறது. அவள் பதில் பேசாமல் துணி காய்கிற கொடியை ஒரு தடவை அசைக்கிறாள், கதை முடிகிறது. விரிப்புகள் சிறைச்சுவர்கள் என்றாய், அந்தக் குரல் அவளைத் திரும்ப வேலைக்கு இழுக்கிற வீட்டின் குரல் என்றாய், கொடியை அசைப்பது கைதி கம்பியை உலுக்குவது என்றாய். கேட்கும்போது எனக்கே புல்லரித்துவிட்டது.

ஆனால் அது உன் குரல் கண்ணு. உனக்கு ஐந்து வயது, பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு மாடிக்கு ஓடுவாய், அவள் விரிப்புகளுக்குள் ஒளிந்துகொள்வாள். ஒளிந்திருப்பவர் பேசக் கூடாது, ஆனால் தேடுகிறவளுக்குப் பயம் வந்து வரட்டுமா என்று கேட்டால் கொடியை ஒரு தடவை அசைக்க வேண்டும், இங்கேதான் இருக்கிறேன் வா என்று அர்த்தம். அந்தச் சட்டத்தைப் போட்டதே நீதான். சின்ன வயசு, மறந்திருப்பாய், அது ஒன்றும் குற்றமில்லை. நீ பெட்டியோடு கிளம்பிய வாரத்தில் அம்மா எழுதிய கதை அது. அவகிட்டச் சொல்லேன் என்று நான் எவ்வளவோ கேட்டேன். கதையை வெளியே விட்டாச்சு, இனி படிக்கிறவ பாடு, அவ எழுதினதே இருக்கட்டும் என்று முடித்துவிட்டாள். புத்தகம் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறதாம். முன்னுரையில் நீ எதையும் அடிக்க வேண்டாம். அவளை யார் அடைத்து வைத்தது என்று தேடித்தேடிப் பார்த்திருக்கிறாய், அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்றும் கொஞ்சம் பார், அவ்வளவுதான் கேட்கிறேன்.

காலையில் டீக்குக் கத்தினேன் என்றேனே, பதில் வராததால் முழங்காலைத் திட்டிக்கொண்டே நானே மாடி ஏறினேன். வரிசை வரிசையாக விரிப்புகள், பேருக்குக்கூடக் காற்றில்லை, துணிகளுக்குள் வெயில் இறங்கி மாடி முழுக்க வெளுத்துக் கிடந்தது, எங்கே நிற்கிறேன் என்றே ஒரு கணம் புரியவில்லை. நடு வரிசையின் அடியில் அவள் பாதங்கள் தெரிந்தன. அசையாமல் நின்றிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன், அங்கே கேட்க வேண்டிய குரல் என்னுடையது இல்லை.

எங்கள் ஆசி என்றும் உன் தலைமேல் இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முன்னுரையைப் பற்றிப் பேச்சே எடுக்காதே, நான் எழுதினதாகவும் காட்டிக்கொள்ளாதே. அம்மா எடுத்ததும் வரட்டுமா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
டீக்குக் கத்துகிற உன் அப்பா